ஒன்பது பேர் ஊரிலிருந்து வருகிறார்கள், நாலு நாள் மும்பை: எதை விடலாம்?

கேட்டவர்: முலுந்த்வாசி

எல்லாருக்கும் வணக்கம். ஊர் கோவில்பட்டி, இப்போது வேலை காரணமாக முலுந்த் கிழக்கில் இருக்கிறேன். டிசம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை ரயிலில் ஒரு பட்டாளமே வந்து இறங்கப்போகிறது. அப்பா, அம்மா, அத்தை, தங்கை, மச்சான், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள் (பையனுக்கு 9, பாப்பாவுக்கு 5), கூடவே என் கல்லூரி நண்பனும் அவன் மனைவியும். ஒருத்தரும் இதுவரை மும்பை பார்த்ததில்லை. செவ்வாய் காலை திரும்புகிறார்கள்.

அப்பாவுக்கு 68 வயது. சமதரையில் நன்றாக நடப்பார், படி என்றால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். தேவாரம் ஓதாமல் காலையில் காப்பி குடிக்க மாட்டார். அத்தை சுத்த சைவம், சனிக்கிழமை விரதம், அன்று அரிசிச் சாதமும் வெங்காயம் பூண்டும் கிடையாது. மச்சானுக்கு எந்தத் தெருவோரக் கடையானாலும் சரி. நண்பன் இங்கே வருவதே மீன் சாப்பிடத்தான் என்று இப்போதே சொல்லிவிட்டான். அம்மாவுக்கு லோக்கல் டிரெயின் என்றாலே பயம், டிவியில் பார்த்த பயம்.

நான் போட்டிருக்கும் திட்டம் இது. வெள்ளி: வி.டி. ஸ்டேஷன் (இப்போதைய சி.எஸ்.எம்.டி.), கேட்வே ஆஃப் இந்தியா, மியூசியம், மரைன் டிரைவ், சௌபாட்டி கடற்கரை. சனி: சித்திவிநாயக், மகாலட்சுமி கோயில்கள், ஹாஜி அலி தர்கா, சாயங்காலம் ஜூஹூ. ஞாயிறு: மாட்டுங்காவில் டிபன், பிறகு போரிவலி தேசியப் பூங்கா, கான்ஹேரி குகை, திரும்பும்போது பாந்த்ரா. திங்கள்: எலிஃபண்டா தீவுக் குகை, கிராஃபர்ட் மார்க்கெட்.

மனைவி இதைப் பார்த்துவிட்டு, "நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்கிறாள். இதில் எதையெல்லாம் விடலாம்? எங்கே சாப்பிட வைக்கலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

பதில்: கிங்ஸ் சர்க்கிள் விஜயா

தம்பி, உங்கள் மனைவி சொல்வதுதான் சரி.

நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்து, தெற்கு மும்பையில் ஃபோர்ட் பகுதியில் ஒரு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மாம்பலம், கும்பகோணம், பாலக்காடு என்று எல்லாத் திசையிலிருந்தும் ஆள் வந்து இறங்கும் வீடு எங்களுடையது. சுற்றிக் காட்டுவது எனக்கு ஏறக்குறைய இரண்டாவது உத்தியோகம். இந்த ஊரில் திட்டம் போடும்போது மேப்பைப் பார்க்காதீர்கள், ரயில் பாதையைப் பாருங்கள். நீங்கள் இருப்பது சென்ட்ரல் லைன். ஜூஹூ, பாந்த்ரா, போரிவலி எல்லாம் வெஸ்டர்ன் லைன். மேப்பில் முலுந்தும் போரிவலியும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும், நடுவில் அந்தத் தேசியப் பூங்காவே மலையாக உட்கார்ந்திருக்கிறது. எனவே அந்த மூன்றையும் தயங்காமல் அடித்துவிடுங்கள். ஜூஹூவில் கடற்கரையும் பேல் பூரியும்தான், இரண்டும் சௌபாட்டியிலும் உண்டு.

அடுத்தது, திங்கட்கிழமை. எலிஃபண்டா குகைக்கு வாரவிடுமுறை திங்கள்தான். உங்கள் திட்டப்படி போனால் கேட்வேயில் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். மாட்டுங்காவில் கஃபே மெட்ராஸும் திங்கட்கிழமை மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு வேறொரு வில்லங்கம், மெகா பிளாக். தண்டவாள வேலைக்காக மாட்டுங்காவுக்கும் முலுந்துக்கும் நடுவில் பல ஞாயிறுகளில் பகல் 11 மணி முதல் மாலை 4 மணி வரை வண்டிகளைப் பாதை மாற்றி விடுவார்கள். முந்தின நாளே அறிவிப்பு வந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை பிளாக்குக்கு முன்னால் தெற்கே போய்விட்டு, பிளாக் முடிந்தபின் திரும்ப வேண்டும்.

ஆகவே வெள்ளிக்கிழமை எலிஃபண்டா. தேவாரம் ஓதுகிறவரை அங்கே அழைத்துப் போகாமல் ஊருக்கு அனுப்பினால் அது பாவம். 6-ம் நூற்றாண்டுச் சிவன் குடைவரை அது. உள்ளே நுழைந்ததும் கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்சம் நேரமாகும், அப்புறம் எதிர்ச் சுவரில் அந்த மூன்று முகம் மெதுவாகத் தெரியவரும். ஆளுயரத்தைப் போல மூன்று மடங்கு. நடுமுகம் கண்ணை மூடி நிச்சலனமாக இருக்கும். நமக்கு இடப்பக்க முகத்தில் மீசையும் நெறித்த புருவமும் பாம்பும். வலப்பக்க முகம் பெண்மை, கையில் பூ. ஆனால் அதோடு திரும்பிவிடாதீர்கள், எல்லாரும் அங்கே படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சுற்றிலும் சுவரில் ராவணன் கயிலையைத் தூக்குகிறான், கங்கை சடையில் இறங்குகிறாள், அம்மைக்கும் அப்பனுக்கும் திருமணம் நடக்கிறது, மாதொருபாகனும் ஆடல்வல்லானும் இருக்கிறார்கள். பதிகத்தில் பாடிப் பாடிப் பழகிய காட்சிகளெல்லாம் கல்லில். உங்கள் அப்பா ஒவ்வொன்றின் முன்னாலும் நிற்பார், நிற்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள். பல உருவங்களுக்குக் கையும் காலும் இல்லை, போர்ச்சுக்கீசியர் காலத்தில் நிறைய உடைபட்டன. பூஜை கிடையாது, தேங்காய் பழம் கொண்டுபோக வேண்டாம். கொண்டுபோனால் குரங்குக்குத்தான் நைவேத்தியம்.

முழங்கால் விஷயம்: படகுத்துறையிலிருந்து மலையடிவாரம் வரை சின்ன ரயில் ஓடும். அப்புறம் 120 படி. இரண்டு பக்கமும் கடைகள், மேலே நிழலுக்குத் தார்ப்பாய், உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம். முடியாதவர்களை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போகும் டோலிக்காரர்கள் கீழேயே இருப்பார்கள். ஏறும் முன்பே கூலியைப் பேசி முடித்துவிடுங்கள், போக மட்டுமா, போகவர சேர்த்தா என்பதையும். கேட்வேயிலிருந்து முதல் படகு காலை 9 மணி வாக்கில், போக ஒரு மணி நேரம். முலுந்திலிருந்து 7 மணிக்குள் ரயிலேறிவிடுங்கள். எட்டு மணிக்கு மேல் வேலை நாளில் தெற்கே போகும் வண்டியில் குடும்பத்தோடு ஏறுவது வீரம், விவேகம் அல்ல. திரும்பி வந்து கேட்வேயைச் சுற்றிப் பாருங்கள். ஐந்தாம் ஜார்ஜ் 1911-ல் வந்திறங்கியதன் நினைவாகத் தொடங்கி 1924-ல் கட்டி முடித்த வாசல். 1948 பிப்ரவரியில் கடைசி ஆங்கிலேயப் படையும் அதே வாசல் வழியாகத்தான் வெளியேறியது. அதைச் சொன்னால் தங்கை பையன் கொஞ்சம் நிமிர்ந்து பார்ப்பான். அன்றைக்கு வேறு எதையும் சேர்க்காதீர்கள். வி.டி.க்கு எதிர்ச் சந்தில் பஞ்சம் பூரிவாலாவில் பூரி பாஜி சாப்பிட்டுவிட்டு, மாலை 5 மணிக்குள் ரயிலேறினால் வீடு.

சனிக்கிழமை எங்கள் பேட்டை. ஒரு எச்சரிக்கை: மாட்டுங்கா என்று சென்ட்ரலில் ஒரு ஸ்டேஷன், மாட்டுங்கா ரோடு என்று வெஸ்டர்னில் ஒன்று, கிங்ஸ் சர்க்கிள் என்று ஹார்பர் லைனில் ஒன்று. நீங்கள் இறங்க வேண்டியது முதலாவது. ஃபாஸ்ட் வண்டி அங்கே நிற்காது, ஸ்லோவில்தான் வர வேண்டும். "மும்பைக்கு வந்தும் இட்லியா" என்று உங்கள் அப்பா கேட்பார். கேட்கட்டும், இது அவருடைய இட்லி இல்லை. 1940-ல் தொடங்கிய கஃபே மெட்ராஸும் சரி, ஸ்டேஷன் பக்கத்து ராம் ஆஷ்ரயாவும் சரி, பேர்தான் எப்படியோ, கைப்பக்குவம் உடுப்பி மங்களூர்ப் பக்கத்தது. சாம்பாரில் இனிப்பு தட்டும், அதற்கு முகம் சுளிப்பார். அதனால் அவருக்கு ரசத்தில் மிதக்கும் இட்லி அல்லது வடை சொல்லுங்கள். கேழ்வரகு தோசை சொல்லுங்கள், ஓரம் முறுகலாக நடுவில் வெண்ணெயோடு வரும். பிள்ளைகளுக்கு அன்னாசிப்பழ ஷீரா, நம்ம கேசரி மாதிரி. எட்டரைக்குள் வாசலில் நின்றால் வரிசை குறைவு. பெயர் எழுதிக்கொள்கிறவரிடம் ஒன்பது பேரையும் ஒரே மேசையில் கேட்காதீர்கள், மூன்றாகப் பிரித்து உட்காரச் சம்மதித்தால் சீக்கிரம் கூப்பிடுவார். பத்து நிமிஷத்தில் சாப்பிட்டு எழுந்துவிட வேண்டும், அதுதான் இங்கே மரியாதை. முடித்துவிட்டு மார்க்கெட் பக்கம் நடந்தால் வாழைப்பூ, சேனை, கதம்பம், மடிசார்க்கூட்டம் எல்லாம் இருக்கும். உங்கள் அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வரும்.

அங்கிருந்து அடுத்த ஸ்டேஷன் தாதர். அத்தையின் விரதத்துக்கு மகாராஷ்டிரத்தைப் போல வசதியான ஊர் கிடையாது. இங்கே விரதச் சாப்பாடு என்றே தனி வகை உண்டு, ஜவ்வரிசிதான் அதற்கு ராஜா. தாதர் மேற்கில் பிரகாஷில் சாபுதானா வடை: வெளியே மொறுமொறு, உள்ளே வேர்க்கடலையும் பச்சைமிளகாயும், கூடத் தயிரில் ஒரு சட்னி. வெங்காயம் பூண்டு கிடையாது. மற்றவர்கள் சிவசேனா பவனுக்கு எதிரே இருக்கும் ஆஸ்வாதில் மிசளும் (முளைகட்டிய பயற்றுக் காரக் குழம்பு, பாவோடு) தாலிபீட்டும் (பலதானிய அடை) சாப்பிடலாம். இன்னொன்று, இந்த ஊரில் எந்தக் கடையிலும் "ஜெயின்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு மூன்றையும் விட்டுவிட்டுச் செய்து தருவார்கள். பாவ் பாஜியையே வாழைக்காய் போட்டுச் செய்வார்கள். அத்தைக்குச் சொல்லிக்கொடுங்கள், நாலு நாளும் அவரே ஆர்டர் கொடுத்துக்கொள்வார்.

ஞாயிறு ஃபோர்ட். ஆபீஸ்களெல்லாம் மூடி, தெரு காலியாக, டாக்ஸிக்காரர்கள் கூப்பிட்ட குரலுக்கு வருவார்கள். வி.டி.யை உள்ளிருந்து பார்க்காதீர்கள், எதிர்ச்சாரிக்கு வந்து திரும்பிப் பாருங்கள். 1887-ல் விக்டோரியாவின் பொன்விழாவுக்குத் திறந்த கட்டடம், ஸ்டீவன்ஸ் என்பவர் வடிவமைத்தது. வாசல் தூண்களில் ஒரு பக்கம் சிங்கம், ஒரு பக்கம் புலி. சிங்கம் இங்கிலாந்து, புலி நாம். சுவரெல்லாம் விலங்கும் இலைகொடியுமாகச் செதுக்கியது இங்கத்திய ஜே.ஜே. கலைப்பள்ளி மாணவர்கள். பாப்பாவிடம் எத்தனை மிருகம் என்று எண்ணச் சொல்லிவிட்டு நீங்கள் எதிரே ஆராமில் வடா பாவ் வாங்குங்கள்.

பிறகு ஓவல் மைதானம். எனக்கு இந்த ஊரிலேயே பிடித்த இடம். நடுவில் நின்றால் கிழக்கே உயர் நீதிமன்றமும் 1878-ல் முடிந்த ராஜாபாய் மணிக்கூண்டும், கூரும் வளைவுமாகக் கறுத்த கல். மேற்கே திரும்பினால் 1930-களின் ஆர்ட் டெகோ குடியிருப்புகள், வளைந்த பால்கனி, வெளிர் மஞ்சள், வெளிர் பச்சை. இரண்டையும் சேர்த்துத்தான் 2018-ல் யுனெஸ்கோ பட்டியலில் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரே மைதானத்தில் ஒன்றுக்குள் ஒன்றாகப் பல கிரிக்கெட் ஆட்டம் நடக்கும். ஒரு டீமின் ஃபீல்டர் இன்னொரு டீமின் பவுலருக்குப் பக்கத்தில் நிற்பான். உங்கள் மச்சானையும் பையனையும் அங்கே விட்டுவிட்டால் மதியம் வரை பிரச்சினை இல்லை. வெயில் ஏறினால் மியூசியத்துக்குள் போங்கள், மாலை மரைன் டிரைவ்.

திங்கட்கிழமைக்கு மகாலட்சுமி, சௌபாட்டி, தார்தேவில் சர்தார் பாவ் பாஜி. அந்த வெண்ணெய்க்கட்டியைப் பார்த்து அத்தை பயப்படாமல் இருக்க வேண்டும். காலையில் பைக்குல்லா ராணி பாக் மிருகக்காட்சிசாலைக்குப் போனால் பிள்ளைகளுக்கு பெங்குவின் உண்டு. அதைவிட, எலிஃபண்டாவில் அவர்கள் "யானை எங்கே" என்று கேட்டிருப்பார்கள் அல்லவா, அந்தக் கல் யானை அங்கேதான் நிற்கிறது. 1864-ல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோக வெள்ளைக்காரர்கள் தூக்கிப் பார்த்தார்கள், கீழே விழுந்து துண்டு துண்டாக உடைந்தது. 1914-ல் ஒட்டி நிறுத்தினார்கள். ஒட்டு இன்றைக்கும் தெரியும்.

சித்திவிநாயக்கை விட மனமில்லை என்றால் ஏதாவது ஒரு காலை சேர்த்துக்கொள்ளுங்கள், செவ்வாய் மட்டும் கூடாது. கிராஃபர்ட் மார்க்கெட் வேண்டாம், ஒன்பது பேரை அந்தக் கூட்டத்தில் யார் எண்ணுவது?

---

பதில்: தொண்ணூறடி ரோடு

அண்ணாச்சி, விஜயாம்மா சைவத்தை முடிச்சுட்டாங்க, அசைவத்துக்கு நான் இருக்கேன். தாத்தா அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து தோல் ஷெட்டு வேலைக்கு வந்தவர். எங்க அப்பா, நான், என் பிள்ளைகள் எல்லாம் தாராவிதான்.

உங்க நண்பரை தாதர் மேற்கில் ஒரு மால்வணி (கொங்கண் கரைச் சமையல்) ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போங்க. சனிக்கிழமை அத்தை சாபுதானா சாப்பிடுற நேரத்திலேயே இவரு தனியா நழுவிடலாம். சிந்துதுர்க், சைதன்யா இரண்டும் அந்தப் பக்கம்தான். முதல்ல பொம்பில் ஃப்ரை சொல்லணும். ரவையில புரட்டிப் பொரிச்சது. மேல கரகரன்னு இருக்கும், கடிச்சா உள்ளே மீன் இருக்கிறதே தெரியாம கரையும், முள்ளையும் சேர்த்தே தின்னுடலாம். நம்மூர்ல வஞ்சிரம் தின்னு பழகினவங்க முதல் வாயில "என்னடா இது கொழகொழன்னு" என்பாங்க, இரண்டாவது தட்டுக்குத் தானா கை போகும். அப்புறம் சுர்மை தாலி. அது நம்ம வஞ்சிரமேதான், மசாலாதான் வேற. முடிவுல சோல் கடி, இளஞ்சிவப்பா இருக்கும், கோக்கமும் தேங்காய்ப்பாலும். நம்ம புளிக்குழம்பு நாக்குக்கு அது உடனே பிடிச்சுப்போகும். ஒரு மணிக்கு மேல போனா நல்ல மீன் தீர்ந்திடும், பன்னிரண்டரைக்கே உட்காரணும்.

மச்சானுக்கு வடா பாவ் விஷயத்துல ஒரு வார்த்தை. கடைபேரு பெருசில்ல, நேரம்தான் பெருசு. எண்ணெய்ச் சட்டியிலிருந்து வடை ஏறுற நேரத்துக்கு நிக்கணும், ஆறின வடையை வாங்கக் கூடாது. பாவைக் கிழிச்சு, ஒரு பக்கம் பச்சைச் சட்னி, ஒரு பக்கம் காய்ஞ்ச பூண்டுச் சட்னி, வடையை உள்ளே வச்சு உள்ளங்கையால ஒரு அழுத்து. உப்புல புரட்டின வறுத்த மிளகாய் ஒண்ணு ஓரத்துல. "சூரா கொஞ்சம்"னு கேட்டா சட்டியில உதிர்ந்த கடலைமாவுப் பொடியை இலவசமா அள்ளிப் போடுவான். தாதர் ஸ்டேஷன் வாசல்ல 1966-ல அசோக் வைத்யான்னு ஒருத்தர்தான் இதை முதல்ல போட்டார்னு சொல்வாங்க. மில் தொழிலாளி நின்னுகிட்டே தின்னுட்டு ஓட வேண்டிய சாப்பாடு, இன்னிக்கும் அப்படித்தான் திங்கணும். தட்டு கேட்காதீங்க.

தாராவிக்கு வரணும்னா வாங்க, ஆனா "சேரி பார்க்க" வராதீங்க. வண்டி வச்சு வெள்ளைக்காரனைக் கூட்டிட்டு வந்து காட்டுறாங்க, எங்களுக்குப் பிடிக்கல. சயான் பக்கம் தோல் கடைகள் வரிசையா இருக்கு, பை, பெல்ட்டு, பர்ஸு, பெரிய கடையில விக்கிற அதே தரம். வாங்கிட்டு தொண்ணூறடி ரோட்டுல புரோட்டா தின்னுட்டுப் போங்க. உங்க அப்பாகிட்ட ஒண்ணு சொல்லுங்க: காலையில மும்பை முழுக்க சைக்கிள்ல ஹாரன் அடிச்சுக்கிட்டு இட்லி விக்கிறவங்க பெரும்பாலும் நம்ம தாராவி ஆளுங்கதான். விடியறதுக்கு முன்னாலேயே எங்க சந்துல ஆவி பறக்கும்.

---

பதில்: செம்பூர் கைத்தடி

எலிஃபண்டா விஷயத்தில் மேலே சொன்னதோடு முழுக்க ஒத்துப்போக மாட்டேன். என் அம்மா கைத்தடியோடு நடப்பவர். படியைவிடப் படகுதான் சிக்கல். கேட்வேயில் படகுகள் ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கும், ஒரு படகின் விளிம்பைத் தாண்டி அடுத்ததில் கால் வைத்து ஏறச் சொல்வார்கள். அலையில் ஆடிக்கொண்டே இருக்கும். முழங்கால் பிடிப்பவர்களை இரண்டு பக்கமும் ஆள் பிடித்துத்தான் ஏற்ற வேண்டும். போகலாம், மச்சானும் நண்பனும் கூடவே இருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

ரயிலைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். 2025 அக்டோபரில் ஆக்வா லைன் மெட்ரோ கஃப் பரேட் வரை முழுதாகத் திறந்துவிட்டது. சித்திவிநாயக், தாதர், வி.டி., சர்ச்கேட் எல்லாம் அதே பாதையில். தரைக்கடியில் ஓடும், லிஃப்ட் உண்டு, குளிர்சாதனம் உண்டு. ஃபோர்ட்டுக்கும் தாதருக்கும் நடுவே பெரியவர்களை அதில் கூட்டிப்போங்கள். முலுந்திலிருந்து தாதர் வரை மட்டும் லோக்கல், அதற்குப் பிறகு மெட்ரோ.

ஆட்டோ சயானுக்கும் பாந்த்ராவுக்கும் தெற்கே கிடையாது, கறுப்பு மஞ்சள் டாக்ஸிதான். அதில் நான்கு பேர்தான் ஏறலாம். குறைந்தபட்சக் கட்டணம் 2025 பிப்ரவரியிலிருந்து 31 ரூபாய், மீட்டர் போடச் சொல்லுங்கள். கேட்வேயில் ஒரு டாக்ஸிக்காரர் மீட்டரைத் துணியால் மூடிவிட்டு எங்களிடம் மூன்று மடங்கு கேட்டார். இறங்கி அடுத்த தெருமுனைக்கு நடந்ததும் வேறொருவர் மீட்டரில் வந்தார். நின்று பேரம் பேசாதீர்கள், நடந்துவிடுங்கள்.

யாரும் எழுதாத ஒன்று, கழிப்பறை. பெரியவர்களோடு சுற்றும்போது நாளையே அதுதான் தீர்மானிக்கும். கேட்வே சுற்றுவட்டாரத்தில் நம்பத் தகுந்தது மியூசியம், டிக்கெட் வாங்கி உள்ளே போனால் சுத்தமாக இருக்கும். மரைன் டிரைவில் உட்காரும் முன் எங்காவது உட்கார்ந்து டீ குடிக்கும் சாக்கில் முடித்துக்கொள்ளுங்கள்.

---

முலுந்த்வாசி

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. திட்டத்தைக் கிழித்துவிட்டேன், மனைவியிடம் விஜயாம்மா எழுதியதைப் படித்துக் காட்டினேன், முதல் வரிக்கே சிரித்தாள். வெள்ளி எலிஃபண்டா, சனி மாட்டுங்கா தாதர், ஞாயிறு ஃபோர்ட், திங்கள் பைக்குல்லாவும் மகாலட்சுமியும். அப்பாவிடம் ராவணன் கயிலையைத் தூக்கும் சிற்பம் பற்றிப் போனில் சொன்னேன், இப்போதே டோலி வேண்டாம், நடந்துவிடுவேன் என்கிறார்.

இரண்டு சந்தேகம். அம்மாவின் ரயில் பயத்துக்கு என்ன செய்வது? வியாழக்கிழமை மூட்டை முடிச்சோடு வி.டி. வரை போய்த்தான் இறங்க வேண்டுமா?

---

கிங்ஸ் சர்க்கிள் விஜயா

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். வி.டி. வரை போகவே வேண்டாம். வண்டி கல்யாணில் நிற்கும், அங்கே இறக்கிவிடுங்கள். நீங்கள் முலுந்திலிருந்து இரண்டு பெரிய கார் பிடித்துக்கொண்டு கல்யாணுக்குப் போய் நில்லுங்கள். மூட்டையோடு லோக்கலில் ஏற்றும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள், அம்மாவின் முதல் ரயில் அனுபவம் அதுவாக இருக்கக் கூடாது.

ரயில் பயத்துக்கு: பெண்களும் பிள்ளைகளும் லேடீஸ் பெட்டியில் ஏறட்டும். தங்கை பையனுக்கு 9 வயதுதானே, அவனும் ஏறலாம். பிளாட்பாரத்தில் லேடீஸ் பெட்டி நிற்கும் இடத்தைப் பச்சைக் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள், வண்டி வருவதற்கு முன்பே அங்கே போய் நில்லுங்கள், வந்தபின் ஓடக் கூடாது. இறங்க வேண்டிய ஸ்டேஷனுக்கு முந்தின ஸ்டேஷனிலேயே எழுந்து வாசல் பக்கம் வரச் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்பவளிடம் "தாதர்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், இறங்குகிறவர்கள் எல்லாரும் வரிசையாக முன்னால் நகர்ந்து இவர்களையும் சேர்த்து இறக்கிவிடுவார்கள். தாதரில் யாரும் தானாக இறங்குவதில்லை, கூட்டம்தான் இறக்கும். உங்கள் மனைவியைக் கூட அனுப்பிவிட்டு, ஆண்கள் பக்கத்துப் பெட்டி. எல்லாரும் இறங்கியதும் பாலத்துக்குக் கீழே சந்திக்க வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், போன் எடுக்காது.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஒரு ஒத்திகை வேண்டுமானால் வியாழன் மதியம் இரண்டு மணிக்கு முலுந்திலிருந்து தானேவுக்குப் போய்வாருங்கள். ஒரே ஸ்டேஷன், வண்டி காலியாக இருக்கும். அங்கே மாமலேதாரில் மிசள் உண்டு. காரம் மூன்று அளவில் போடுவார்கள், மச்சானுக்கு மட்டும் காரமானதைச் சொல்லுங்கள், மற்றவர்களுக்கு மைல்டு போதும்.

---

தொண்ணூறடி ரோடு

தானே மாமலேதார்ல மச்சானுக்குக் காரமானது வேண்டாம் விஜயாம்மா, மறுநாள் காலையில ஒரு மணி நேரம் படகுல உட்காரணும்.